பருவமழையும் சளிக்காய்ச்சலும் வைட்டமின் 'டி'யும்

தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடும் ஜூன் மாதத்தில், திருவனந்தபுரம் கடலோரத்து மீனவர் பலரும் தத்தம் ஊர்க் கரைகளை விட்டு விழிஞ்ஞத்திற்கு வந்து சேருகின்றனர். திறந்த கரைகளில் அலை மோதி வள்ளம் இறக்க இயலாத நாட்களிலும் விழிஞ்ஞத்துக் குடா ஓரளவு அமைதியாக இருப்பதே இதற்குக் காரணம். மழைக்காலத்தில் கேரள அரசு விதிக்கும் மீன்பிடித் தடை இழுவலைப் படகுகளுக்கு உரியது. நாட்டுப் படகுகளுக்கு அன்று. ஆகவே பிற துறைகள் ஓய்ந்திருக்கும் மாதங்களே, ஆய் மன்னர்களின் பழந்துறையாகிய இவ்வூருக்கு மீன் வரத்து மிகுந்த மாதங்களாக அமைகின்றன. படகுகள் நெருங்கி நிற்கின்றன. ஏலம் கூறும் இடத்தில் தோளோடு தோள் உரசுகிறது. இரவில் சிறு வீடுகளில் பலர் சேர்ந்து உறங்குகின்றனர்.

அதே வாரங்களில்தான் கேரளத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வரிசை நீளுகிறது. இம்மாநிலத்தில் மழைக்காலம் காய்ச்சல் காலமும் ஆகும். மழை வந்தால் சளியும் இருமலும் காய்ச்சலும் ஏன் பெருகுகின்றன என்னும் வினாவுக்கு அண்மை ஆண்டுகளில் மக்களிடையே பரவிய ஒரு விடை, "வெயில் இல்லை, அதனால் வைட்டமின் 'டி' இல்லை, அதனால் எதிர்ப்புச் சக்தி இல்லை" என்பதாகும். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது இவ்விடை வலுப்பெற்றது. மருந்துக் கடைகளில் 60,000 சர்வதேச அலகு கொண்ட பொட்டலங்களை மருத்துவர் சீட்டின்றியே கேட்டு வாங்கியவர் பலர். இவ்விடையில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை மருந்து வழங்கும் பொறுப்பில் உள்ளவர்கள் அறிந்திருப்பது நலம்.

ஈரல் எண்ணெயின் கதை

கடலோர மக்களுக்கும் இவ்வைட்டமினுக்கும் உள்ள உறவு புதியதன்று. 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வே மீது படையெடுத்ததை அடுத்து, அந்நாட்டின் காட் மீன் ஈரல் எண்ணெய் இந்தியாவுக்கு வருவது தடைப்பட்டது. மருத்துவமனைகளின் தேவையை ஈடுசெய்ய, சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டிலும் திருவிதாங்கூர் அரசு தன் சமஸ்தானத்திலும் சுறா ஈரல் எண்ணெய் எடுக்க முற்பட்டன. மீனவர் கரையில் எறிந்தோ, படகுப் பலகைக்குப் பூசியோ வந்த ஈரல் விலை பெற்றது. நோஞ்சான் குழந்தைக்கு ஒரு கரண்டி மீன் எண்ணெய் என்னும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றிய காலம் அது. (பின்னர் 1952இல் அதே நார்வே, ஐக்கிய நாடுகள் சபையையும் இந்திய அரசையும் உடன்கொண்டு கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் மீன்வளத் திட்டம் ஒன்றுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது தனிக் கதை.)

ஆனால் அந்தக் கரண்டியில் இருந்தது எது என்பதில் ஒரு குழப்பம் உண்டு. சுறா ஈரல் எண்ணெயில் வைட்டமின் 'ஏ' காட் எண்ணெயைவிடப் பன்மடங்கு மிகுதி. வைட்டமின் 'டி'யோ குறைவு. இரண்டும் ஒரே எண்ணெயில் கரைந்திருந்தமையால் அறிவியலாரே தொடக்கத்தில் இவற்றைப் பிரித்தறியவில்லை. 1919இல் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளுக்கு வந்த ரிக்கெட்ஸ் எனும் எலும்பு வளைநோயைக் காட் எண்ணெயால் தடுத்துக் காட்டியபோது, வைட்டமின் 'ஏ'யே அதற்குக் காரணமாகலாம் என்று கருதினார். அமெரிக்காவில் எல்மர் மெக்காலம் எண்ணெயைச் சூடாக்கிக் காற்றைச் செலுத்தி 'ஏ'யை அழித்த பின்பும் எலும்பு நோயைத் தீர்க்கும் ஆற்றல் அதில் எஞ்சி நிற்பதைக் கண்டார். 1922இல் வெளிவந்த இந்த ஆய்வே வைட்டமின் 'டி' என்ற தனிப்பெயருக்கு அடிப்படை. "தொற்றை எதிர்க்கும் வைட்டமின்" என்ற பட்டத்தை 1920களின் இறுதியில் மெல்லன்பி குழுவினர் சூட்டியதும் 'ஏ'க்குத்தான், 'டி'க்கு அன்று. 'டி' நெடுங்காலம் எலும்புக்குரிய பொருளாகவே பாடநூல்களில் இருந்து வந்தது.

தோலில் நடக்கும் உற்பத்தி

வைட்டமின் 'டி'யைப் பிற வைட்டமின்களுடன் ஒரே வரிசையில் வைப்பது முழுதும் பொருந்தாது. உணவால் கிடைப்பது சிறு பங்கு. பெரும் பங்கை உடலே செய்துகொள்ளுகிறது. தோலில் உள்ள ஒருவகைக் கொலஸ்ட்ரால் பொருள்மீது, ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் படும்போது அது வைட்டமின் 'டி'யின் முன்வடிவமாக மாறுகிறது. கல்லீரல் அதை ஒருமுறையும் சிறுநீரகம் மறுமுறையும் மாற்றியமைத்த பிறகே அது செயலாற்றும் நிலையை அடைகிறது. கல்லீரலில் உருவாகும் இடைநிலைப் பொருளின் அளவையே இரத்தப் பரிசோதனையில் காண்கிறோம். வெயில் அளவுக்கு மிஞ்சினால் தோலே மிகையான முன்வடிவத்தைப் பயனற்ற பொருள்களாகச் சிதைத்துவிடுகிறது. எனவே வெயிலால் வைட்டமின் 'டி' நஞ்சாவதில்லை, மாத்திரையால் ஆகக்கூடும்.

இக்கதிர் சூரியன் வானில் உயர்ந்து நிற்கும்போதுதான் போதிய அளவில் தரையை எட்டும். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வேளையே ஏற்ற வேளை என்பது எளிய கணக்கு. விழிஞ்ஞம் வட அட்சம் 8 பாகை 22 கலையில் உள்ளது. ஆண்டிலேயே சூரியன் மிகத் தாழ்ந்து செல்லும் டிசம்பர் 22இலும் நண்பகலில் அது இங்கே 58 பாகை உயரத்தில் நிற்கும். அன்றும் ஒருவர் நிழல் அவர் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாது. நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவில் அதே நாளில் சூரியன் 7 பாகைகூட எழுவதில்லை. அந்நாட்டார் மீன் எண்ணெயை நாடியதற்கும் நம் கரையில் அதன் தேவை குறைவாக இருக்க வேண்டியதற்கும் இவ்வேறுபாடே காரணம்.

இங்கு ஒரு நம்பிக்கையைத் திருத்த வேண்டியுள்ளது. பிறந்த குழந்தையைக் காலை இளவெயிலில் காட்டுவது நம்மிடையே உள்ள பழக்கம். அது இதமானது; தாய்க்கும் சேய்க்கும் காற்றோட்டம் தருவது. எனினும் காலை ஏழு மணி வெயிலில் இக்கதிர் மிகச் சொற்பம். தென்னிந்திய நிலைமையை ஆராய்ந்த திருப்பதி ஆய்வாளர்கள், முற்பகல் 11 முதல் பிற்பகல் 2 மணி வரையில்தான் உற்பத்தி மிகுதியாக நடப்பதைக் கண்டனர். கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயிலிலும் பயன் இல்லை. கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும். கருநிறத் தோலுக்கு வெளிர்நிறத் தோலைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். ஆனால் உச்சி வெயிலில் பச்சிளங் குழந்தையைக் கிடத்துமாறு எவரும் கூற இயலாது. குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து பரிந்துரைக்கப்படுவதன் காரணம் இதுவே.

மழையா, வெயிலின்மையா?

குளிர்நாடுகளில் இன்ஃப்ளுயன்சா குளிர்காலத்தில் பெருகி வசந்தத்தில் தணிகிறது. இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன், சூரியனோடு தொடர்புடைய ஏதோ ஒரு பருவத் தூண்டல் இதனை ஆட்டுவிக்கிறது என்று 1981இல் எழுதினார். அத்தூண்டல் வைட்டமின் 'டி'யே ஆகலாம் என்று 2006இல் ஜான் கேனலும் அவருடைய கூட்டாளிகளும் வாதிட்டனர். இக்கருத்து உலகெங்கும் பேசப்பட்டது.

நம் நாட்டின் படம் இதனோடு எளிதில் பொருந்தவில்லை. இன்ஃப்ளுயன்சாவைக் கண்காணிக்கும் இந்திய மையங்களின் தரவுகள் 2015இல் ஒருங்கே வெளியாயின. ஸ்ரீநகரில் நோயின் உச்சம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஆலப்புழை, புனே, தில்லி, கொல்கத்தா ஆகியவற்றில் தென்மேற்குப் பருவமழைக் காலம். சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர் மாதங்கள். சென்னைக்கும் ஆலப்புழைக்கும் சூரியனின் உயரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மழை பெய்யும் மாதங்களே வேறு. ஆகவே நோய் மழையைப் பின்தொடருகிறதேயன்றிச் சூரியனின் தாழ்வைப் பின்தொடரவில்லை என்று கொள்ளுவதே பொருத்தம்.

மழையோடு மேகமும் வருகிறதே என்று வினவலாம். வரத்தான் செய்கிறது; மேகம் புற ஊதாக் கதிரைக் குறைக்கவும் செய்கிறது. ஆனால் முழுதும் மறைப்பதில்லை. இரத்தத்தில் உள்ள இவ்வைட்டமின் பாதியாகக் குறைய இரண்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. கொழுப்பில் சேமிப்பும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் கடலில் வெயில் காய்ந்த மீனவரின் உடல் ஜூன் மாத முதல் மழையிலேயே வறண்டுவிடும் என்று எண்ண இடமில்லை. ஆயினும் அவருக்கும் சளிக்காய்ச்சல் வருகிறது. மழை மனிதரைக் கூரையின்கீழ் நெருக்குகிறது. ஈரக்காற்றில் சன்னல்கள் அடைபடுகின்றன. ஜூனில் பள்ளிகள் திறக்கின்றன. இவற்றை ஒதுக்கிவிட்டு வைட்டமினை மட்டும் பொறுப்பாக்குவது சரியான கணக்காகாது.

நோய் எதிர்ப்பில் இதன் பங்கு

இதனால் வைட்டமின் 'டி'க்கும் நோயெதிர்ப்புக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு செய்வதும் தவறு. 2006இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான வழியைக் கண்டறிந்தனர். கிருமியின் அடையாளத்தை உணர்ந்த விழுங்கணுக்கள், இரத்தத்தில் வரும் இடைநிலைப் பொருளைத் தாமே செயல்வடிவமாக மாற்றுகின்றன. அதன் தூண்டுதலால் கேத்தலிசிடின் என்னும் கிருமிக்கொல்லிப் புரதத்தை உருவாக்குகின்றன. இரத்தத்தில் அப்பொருள் குறைவாயின் கேத்தலிசிடினும் குறைகிறது. சுருங்கச் சொன்னால், உடலின் காவல் சாலைக்கு இவ்வைட்டமின் ஒரு மூலப்பொருள். மூலப்பொருள் இல்லையேல் சாலை தடுமாறும். தேவைக்குமேல் குவித்து வைத்தால் உற்பத்தி இரட்டிப்பாகும் என்பது அதனால் பெறப்படாது.

இந்தியக் குழந்தைகளிடமும் இதன் சாயல் காணப்பட்டுள்ளது. இந்தாபூரில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான கீழ்ச் சுவாசத் தொற்றுக்கு ஆளான குழந்தைகளுக்கு இவ்வைட்டமின் குறைந்திருக்கும் வாய்ப்பு மிகுதி எனத் தெரிந்தது. முதல் நான்கு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே அருந்திய குழந்தைகளுக்கு ஆபத்து குறைந்திருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. இவ்விரண்டாவது செய்தி முதற்செய்தி அளவுக்குப் பேசப்படாதது வியப்பே. மேலும் இத்தகைய ஒப்பீட்டில் ஒரு சிக்கல் உண்டு. நோயுற்ற குழந்தை வீட்டினுள்ளேயே கிடக்கும். சத்துக் குறைந்த ஏழைக் குழந்தைக்கு நிமோனியாவும் வரும், வைட்டமினும் குறையும். எது காரணம், எது உடன்நிகழ்வு என்று பிரிக்கச் சோதனை முறை ஆய்வே வேண்டும்.

சோதனைகள் காட்டுவது

அத்தகைய சோதனைகள் பல நடந்துள்ளன. ஜப்பானில் பள்ளிக் குழந்தைகளுக்கு நாள்தோறும் 1,200 அலகு கொடுத்துப் பார்த்தபோது இன்ஃப்ளுயன்சா 'ஏ' வகை 100க்கு ஏறத்தாழ 11 பேருக்கும், போலி மாத்திரை பெற்றோரில் 19 பேருக்கும் வந்ததாக 2010இல் அறிவிக்கப்பட்டது. நியூசிலாந்தில் வயது வந்தோர் 322 பேருக்கு மாதம் ஒருமுறை பெரிய அளவில் கொடுத்தபோது எவ்விதப் பயனும் காணவில்லை.

திட்டமிடுவோர் கூர்ந்து நோக்க வேண்டியவை வேறிரண்டு சோதனைகள். இரண்டும் 2012இல் வெளியானவை. இரண்டும் ஆசியக் குழந்தைகளிடம் நடந்தவை. மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் குளிர்காலத்தில் பள்ளிக் குழந்தைகளுக்கு நாள்தோறும் 300 அலகு சேர்த்த பால் வழங்கினர். அக்குழந்தைகளின் இரத்தத்தில் இவ்வைட்டமின் தொடக்கத்தில் மிக மிகத் தாழ்ந்திருந்தது. மூன்று மாதங்களில் சுவாசத் தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாகப் பெற்றோர் தெரிவித்தனர். ஆப்கானிஸ்தானத்தின் காபூலிலோ மூவாயிரத்துக்கு மேற்பட்ட கைக்குழந்தைகளைக் கொண்ட பெரிய சோதனை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை 1,00,000 அலகு ஒரே தடவையாகப் புகட்டப்பட்டது. நிர்வாகத்துக்கு எளிதான முறை; நம் நாட்டில் வைட்டமின் 'ஏ' திரவத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகட்டுவதை ஒத்தது. ஆனால் நிமோனியா குறையவில்லை.

நாள்தோறும் சிறிதளவு என்பதற்கும் எப்போதோ ஒருமுறை பேரளவு என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு 2017இல் மேலும் தெளிந்தது. 25 சோதனைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 11,000 பேரின் விவரங்களை லண்டன் ஆய்வாளர் ஏட்ரியன் மார்ட்டினோ குழுவினர் தொகுத்துக் கணக்கிட்டனர். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பாதுகாப்பு சிறிதே. கடும் குறைபாடு உள்ளவர்களுக்கு நாள்தோறுமோ வாரந்தோறுமோ கொடுத்தபோது மட்டும் அது கணிசமாக இருந்தது. பேரளவாகக் கொடுத்தபோது பயன் தெரியவில்லை. பேரளவு உடலுக்குள் சென்றதும் அதனைச் சிதைக்கும் நொதிகளும் கிளர்ந்தெழுவது இதற்கொரு காரணமாகலாம்.

அதன்பின் வந்த செய்திகள் உற்சாகத்தை மேலும் தணித்தன. கொரோனாக் காலத்தில் நார்வேயில் 34,000க்கு மேற்பட்டோருக்கு, ஒரு சாராருக்குக் காட் ஈரல் எண்ணெயும் மறு சாராருக்குச் சோள எண்ணெயும் நாள்தோறும் 5 மில்லி லிட்டர் அளவில் கொடுத்தனர். நோய்த்தொற்றில் வேறுபாடில்லை என்று 2022இல் முடிவு வந்தது. ஈரல் எண்ணெயின் தாயகமே அளித்த தீர்ப்பு இது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தொடக்கத்திலேயே குறைபாடு இல்லை என்பதையும் சேர்த்தே அதனைப் படிக்க வேண்டும். 2025இல் 46 சோதனைகளைச் சேர்த்துச் செய்த புதிய தொகுப்பில் பொதுவான பாதுகாப்பு ஐயத்துக்கிடமான எல்லைக்குச் சுருங்கிவிட்டது. எனவே, குறைபாடு இல்லாதவருக்குச் சளிக்காய்ச்சலைத் தடுக்கும் மருந்தாக வைட்டமின் 'டி'யைப் பரிந்துரைக்க ஆதாரம் இல்லை. குறைபாடு உள்ளவருக்கு எலும்புக்காகவே அதனை நிறைவு செய்தாக வேண்டும். அதனால் சுவாசத் தொற்று சற்றே குறையுமாயின் அது உடன்வரும் பயன்.

குறைபாடு உள்ளவர் யார்?

இவ்வளவு வெயில் காயும் நாட்டில் குறைபாடு எவ்வாறு வரும்? வெயில் ஊரில் இருப்பது வேறு, தோலில் படுவது வேறு. 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்து ஆய்வு, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 14 சதவீதத்தினருக்கும், 5 முதல் 9 வயதினரில் 18 சதவீதத்தினருக்கும், 10 முதல் 19 வயதினரில் 24 சதவீதத்தினருக்கும் இக்குறைபாடு இருப்பதைக் காட்டியது. வயது ஏற ஏறக் குறைபாடும் ஏறுகிறது. படிப்பும் ஆடையும் நாணமும் வெயிலிலிருந்து விலக்கும் வயதுகள் அவை.

விழிஞ்ஞம் போன்ற ஊரிலேயே இருவகை வாழ்க்கை அருகருகே நடக்கிறது. கடலுக்குச் செல்லும் ஆண்களும், மீன்கூடையைத் தலையில் சுமந்து சந்தைக்கும் தெருக்களுக்கும் நடக்கும் பெண்களும் வேண்டிய மட்டும் வெயிலைப் பெறுகின்றனர். வீட்டிற்குள் இருக்கும் முதியவர், உடலை முழுதும் மூடும் ஆடை அணிபவர், கர்ப்பிணிகள், நாள் முழுதும் அலுவலகத்திலோ கடையிலோ இரவுப் பணியிலோ இருப்பவர் அவ்வாறு பெறுவதில்லை. 2025 மே 2ஆம் நாள் இங்கே பன்னாட்டுத் துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தந்தையர் வள்ளத்தில் தொழில் செய்த குடும்பங்களின் மக்கள் கூரையின்கீழ் நடக்கும் வேலைகளுக்கு மாறுவது இனி மிகும். அவர்களுக்கு வெயில் தற்செயலாகக் கிடைக்காது.

உணவின் பங்கு சிறிது என்றோம். கடற்கரையில் அது சற்றே பெரிது. சாளை, அயலை போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன்களே இயல்பான உணவுகளில் வைட்டமின் 'டி' மிக்கவை. ஏழையின் மீன் எனப்பட்ட சாளையின் வரத்து கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன்னாக இருந்து, 2021இல் 3,297 டன்னாக வீழ்ந்ததை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பதிவு செய்துள்ளது. பின்னர் வரத்து ஓரளவு மீண்டது உண்மையே. ஆயினும் ஊட்டச்சத்துத் துறையும் மீன்வளத் துறையும் தனித்தனிக் கோப்புகளாக இருப்பதன் இழப்பை இப்புள்ளி விவரம் காட்டுகிறது. சாளை அரிதான ஆண்டில் அதன் விலையும் ஏறும். முதலில் குறைவது கடற்கரைக் குழந்தையின் தட்டில்தான்.

செறிவூட்டிய பாலும் எண்ணெயும் மற்றொரு வழி. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு 5 முதல் 7.5 மைக்ரோகிராம், அதாவது 200 முதல் 300 அலகு வைட்டமின் 'டி' இருக்கலாம். ஒரு குவளைப் பாலில் இது 40 முதல் 60 அலகுதான். உலான்பாத்தர் குழந்தைகள் பெற்ற 300 அலகுடன் ஒப்பிட்டால், பால் மட்டுமே கடும் குறைபாட்டைத் தீர்க்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

நிர்வாகத்தின் கவனத்திற்கு

மழைக்காலச் சுவாச நோய்களுக்கு எதிராக ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் செய்யத்தக்கவற்றை ஆற்றல் வரிசையில் அடுக்கினால், வைட்டமின் 'டி' முதலிடத்தில் நில்லாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால், தட்டம்மைத் தடுப்பூசி, 2021இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட நியூமோகாக்கஸ் தடுப்பூசி, அடுப்புப் புகையற்ற சமையலிடம், மூச்சு வாங்கும் குழந்தையைக் காலத்தில் அடையாளம் காணுதல் ஆகியவை அதற்கு முன்னே வரும். பள்ளிகளில் எல்லோருக்கும் ஒரே நாளில் பேரளவு வைட்டமின் புகட்டும் யோசனை எழுமானால், காபூல் அனுபவத்தை நினைவிற்கொண்டு அதனைத் தவிர்ப்பது நல்லது.

60,000 அலகுப் பொட்டலம் பொதுவாக வாரம் ஒன்று எனக் குறித்த காலத்துக்கு மட்டும் தரப்படுவது. அதை நாள்தோறும் விழுங்கி, இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகப் பழுதும் கண்டு மருத்துவமனையில் சேர்ந்தோர் பற்றிய குறிப்புகள் இந்திய மருத்துவ ஏடுகளில் உள்ளன. "வாரம் ஒன்று" என்பதைச் சீட்டில் தாய்மொழியில் எழுதினால் இவற்றுள் பல நேர்ந்திரா.

கைக்குழந்தைகளுக்கு முதல் ஆண்டு முழுதும் நாள்தோறும் 400 அலகு என்பது இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. தாய்ப்பாலில் பிற யாவும் இருப்பினும் இவ்வைட்டமின் குறைவாதலின் இது தேவைப்படுகிறது. ஆனால் கடைகளில் ஒரு மில்லி லிட்டரில் 400 அலகு உள்ள சொட்டு மருந்தும், 800 அலகு உள்ளதும் ஏறத்தாழ ஒரே தோற்றமுள்ள புட்டிகளில் விற்கப்படுகின்றன. முன்னதில் ஒரு மில்லி லிட்டர், பின்னதில் அரை மில்லி லிட்டர். ஆகவே புட்டியைக் கையில் கொடுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர், சொட்டுக் குழாயில் எந்தக் கோடு வரை மருந்தை இழுக்க வேண்டும் என்பதைத் தாய்க்குக் காட்டி, அவரையே ஒருமுறை இழுக்கச் செய்து பார்த்த பிறகு அனுப்ப வேண்டும்.